மேஷ்ட்ருவின் தமிழ் இருந்த இடம்

போன மாதம் என் பழைய துறையிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். மூளை அறுவைக்கு முன்னால் நோயாளிக்குக் காட்டும் படங்கள் எல்லாம் இப்போது ஒரு டேப்லெட்டில் வந்துவிட்டனவாம். தமிழுக்கென்று தனித் தொகுப்பே இருக்கிறதாம். "எல்லாம் சரிதான் மேடம். ஆனா நம்ம பெங்களூர் தமிழ் பேஷண்ட்ஸ், குடையைக் காட்டினா அம்ப்ரெல்லாங்கறாங்க, பூட்டைக் காட்டினா லாக்குங்கறாங்க, சிலபேர் கன்னடத்துல பீகாங்கறாங்க. மெஷின் தப்புன்னு போடுது. நீங்க அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் ஒரு தமிழர் வாயைத் திறந்தால் தமிழ் மட்டும் வரும் என்று நினைத்துத் தொகுப்பு தயாரித்தவர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்த பிறகு சிரிப்பு போய்விட்டது. அவள் கேட்ட கேள்விக்கான பதிலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மனிதரும் அவருடைய மனைவியும். அவர்களைப் பற்றி நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் பேச்சு சிகிச்சையாளராக இருந்தவள். பிறந்தது அல்சூர், இப்போது இருப்பதும் அல்சூர். படித்து முடித்ததும் வாய் திக்கும் குழந்தைகளோடுதான் காலம் போகும் என்று நினைத்திருந்தேன். நரம்பியல் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே எனக்கு மேலே இருந்த அறுவை நிபுணரை எல்லோரும் சீஃப் என்போம். கர்நாடகத்து மலைநாட்டுக்காரர். கன்னடம், ஆங்கிலம், அப்புறம் நோயாளிகளிடமிருந்தே பொறுக்கிக்கொண்ட உடைந்த தமிழ். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். அவர் சத்தமாகப் பேசினால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

சேர்ந்த முதல் வாரம் என்னை உடற்கூறு அறைக்குக் கூட்டிப்போய் ஒரு மூளையைக் கையில் கொடுத்தார். பதப்படுத்தியது. நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, நினைத்ததைவிடச் சின்னதாகவும் இருந்தது. "புஸ்தகத்துல கலர் கலரா போட்டிருப்பாங்க. இங்க கலர் எங்கே?" என்றார். எங்கும் ஒரே வெளிறிய நிறம். எந்த மடிப்பும் 'நான்தான் பேச்சு' என்று எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அதைத்தான் அவர் எனக்குக் காட்ட விரும்பினார் என்று நினைக்கிறேன்.

நோயாளிகளுக்கு விளக்கும்போது அவர் படம் வரைய மாட்டார். இடது கையை முட்டியாக மடக்கிக் காட்டுவார். மடக்கிய விரல்கள் இருக்கும் பக்கம் நெற்றி. மணிக்கட்டுப் பக்கம் பின்மண்டை, பார்வை அங்கே. பக்கவாட்டில் படிந்திருக்கும் கட்டைவிரல், காதுக்கு மேலே இருக்கும் பொட்டுப் பகுதி. கேட்பதைப் புரிந்துகொள்வது பெரும்பாலும் கட்டைவிரலின் பின்பக்கம், பேச்சை வாய்க்கு அனுப்புவது முன்விரல்களின் கீழ்ப்பக்கம். இரண்டையும் சேர்த்து உள்ளே ஒரு நரம்புக் கற்றை வளைந்து போகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதெல்லாம் இடது பக்கத்தில்தான். ஒரு முட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இதெல்லாம் தோராயம். உங்க தலைக்குள்ள எங்கேன்னு உங்ககிட்டதான் கேக்கணும்" என்று முடிப்பார்.

அந்தத் தோராயம் என்ற வார்த்தை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. பிறகு ஒரு தபால்காரர் வந்தார். மூளையின் பின்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. பேசினார், புரிந்துகொண்டார், நான் சொல்லச் சொல்ல ஒரு முகவரியை அழகாக எழுதினார். எழுதியதைப் படிக்கச் சொன்னேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையெழுத்தில் ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்க வரவில்லை. எழுதுவதும் படிப்பதும் ஒன்றுதான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவள் நான். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "இத நீங்களே சேத்துருங்க மேடம்" என்றார். யாருக்குச் சேர்ப்பது, அது நானே சொன்ன ஏதோ ஒரு முகவரி. தோராயம் என்ற வார்த்தையை அதன் பிறகு நான் குறை சொல்லவில்லை.

விழித்திருக்கும்போதே செய்யும் மூளை அறுவையை சீஃப் எங்கள் மருத்துவமனையில் ஆரம்பித்தபோது, நோயாளியிடம் பேச ஆள் தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டார். கேட்பவர்களுக்கு இது பயங்கரமாக இருக்கும். மூளைக்கு வலி தெரியாது. தோலும் எலும்பும்தான் வலிக்கும், அதற்கு மரத்துப்போக ஊசி உண்டு. எலும்பைத் திறக்கும்வரை தூங்கவைத்து, பிறகு எழுப்புவார்கள். நோயாளி ஒருக்களித்துப் படுத்திருப்பார், தலை அசையாமல் பொருத்தியிருக்கும். நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் மூளையும் சீஃப்பும், இந்தப் பக்கம் முகமும் நானும். ஒரு குட்டி முக்காலியில் குனிந்து உட்கார்ந்து படங்களைக் காட்டுவேன். சீஃப் இரண்டு முனை கொண்ட ஒரு குச்சியால் மிக மெல்லிய மின்சாரத்தை ஓர் இடத்தில் வைப்பார். அந்த இடம் பேச்சுக்குரியதாக இருந்தால், வைத்திருக்கும் நேரம் மட்டும் பேச்சு தடைபடும். எடுத்தால் திரும்பிவிடும். தடைபட்ட இடத்தில் ஒரு சின்ன எண் சீட்டை வைத்து, அதை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வெட்டுவார்.

எப்போது தொடுகிறார் என்று எனக்குச் சொல்ல மாட்டார். சொன்னால் என் முகம் மாறும், நோயாளி கண்டுபிடித்துவிடுவார். நான் செய்ய வேண்டியது பதிலைக் கேட்டு, நின்றதா, தடுமாறியதா, தப்பா, சரியா என்று உரக்கச் சொல்வது மட்டும்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த படங்களில் பனிவீடும் ஓக் மரத்துக் கொட்டையும் இருந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே அட்டைகள் செய்தேன். அதன் பிறகுதான் உண்மையான சிக்கல். மீன் படத்தைக் காட்டி "மீன்" என்று ஒருவர் சொன்னால் அது தமிழா, கன்னடமா? கை, எலி, முட்டை, தேங்காய் எல்லாம் கிட்டத்தட்ட இரண்டிலும் ஒன்றுதான். இரண்டு மொழிகளையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்க வேண்டுமானால் இரண்டிலும் முற்றிலும் வேறாக இருக்கும் பொருட்கள் வேண்டும். கதவு, கன்னடத்தில் பாகிலு. பூனை, பெக்கு. சீப்பு, பாச்சணிகெ. துடைப்பம், பொரகெ. இப்படித் தேடித்தேடிச் சேர்த்தேன். அறுவைக்கு முந்திய நாள் ஒவ்வொரு அட்டையையும் நோயாளிக்குக் காட்டி, வீட்டில் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்லவைத்து, தயங்கிய அட்டைகளை எடுத்துவிடுவேன். லாக் என்பவருக்கு லாக்தான் தமிழ். சண்டைக்குப் போகக் கூடாது. அந்த இளம்பெண்ணுக்கு ஃபோனில் நான் சொன்ன பதில் இதுதான்.

சகாயராஜ் ஜீவனஹள்ளிக்காரர். பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். வீட்டில் தமிழ், படித்தது கன்னடப் பள்ளியில். ஒரு தொடக்கப் பள்ளியில் கன்னட ஆசிரியராக இருந்தார். பள்ளியில் மட்டுமல்ல, தெருவிலும் அவரை மேஷ்ட்ரு என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழர் ஒருவர் கன்னடர் பிள்ளைகளுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறார் என்பதில் அவருக்குப் பெருமை அதிகம். என் கன்னடத்தில் இருந்த பிழைகளை முதல் நாளே திருத்தினார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

ஒரு நாள் காலை வகுப்பில் அவர் வருகைப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெயரில் நாக்கு நின்றுவிட்டது. பிறகு வலது கை துடித்தது. ஸ்கேனில் இடது நெற்றிப் பகுதியின் கீழே ஒரு கட்டி. மெதுவாக வளரும் வகை, ஆனால் சும்மா இருக்காத வகை.

அவருடைய மனைவி லூர்து மேரி செஞ்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து பல வருஷம் ஆகியும் அவளுக்குக் கன்னடம் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. ஜீவனஹள்ளியில் பக்கத்து வீடு தமிழ், மாதா கோயில் பூசை தமிழ், காய்கறி வண்டி தமிழ். சாகு, பேடா, எஷ்டு, அதாவது போதும், வேண்டாம், எவ்வளவு என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் வாழ்க்கையையே ஓட்டிவிடலாம். அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜெனி என்று ஒரே பெண், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தது.

ஆலோசனை அறையில் நாங்கள் நான்கு பேர். சீஃப் கன்னடத்தில் சொல்ல, நான் லூர்துவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் முட்டியை மடக்கிக் காட்டினார். கட்டி இருக்கும் இடத்தை முன்விரல்களின் கீழே தொட்டுக் காட்டினார். பிறகு கையை விரித்து மேசையின்மேல் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். நாலு மொழி தெரிந்தவருக்கு மூளையில் நாலு டப்பா கிடையாது. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஆனால் சில நேரம் ஓர் ஓரத்தில் ஒரு மொழி மட்டும் நிற்கிற இடம் ஒன்று அகப்படுவதுண்டு. அப்படி ஓர் இடம் கட்டியின்மேலேயே அகப்பட்டால் இரண்டு வழி. அதை விட்டுவிட்டால் மொழி தங்கும், கட்டியின் ஒரு துண்டும் தங்கும், அது சீக்கிரம் திரும்ப வளரும். எடுத்துவிட்டால் இன்னும் சில நல்ல வருஷங்கள் கிடைக்கலாம், அந்த மொழி போகலாம். பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். "சாதாரணமா நான் விட்டுடுவேன். ஆனா இது உங்க வாய், உங்க வருஷம். முதல்லயே பேசிக்கணும். உள்ளே போன பிறகு யோசிக்க நேரம் இருக்காது" என்றார்.

மேஷ்ட்ரு கன்னடத்தில் உடனே பதில் சொன்னார். தமிழைத் தொடக் கூடாது என்றார்.

"என்ன சொல்றாரு?" என்று லூர்து கேட்டாள். சொன்னேன்.

"வேணாம் மேடம். கன்னடம் இருக்கட்டும்னு சொல்லுங்க."

"லூர்து, நீ சும்மாரு" என்றார் மேஷ்ட்ரு.

"ஏங்க, கன்னடம் போச்சுன்னா வேல போச்சு. ஜெனி படிக்கணும். தமிழ்ல நாம என்ன பெரிசா பேசறோம்? பருப்பு தீந்துபோச்சு, தண்ணி வரல. அதக் கையக் காட்டிச் சொல்லிக்கலாம்." என் பக்கம் திரும்பினாள். "எதையும் மிச்சம் வைக்க வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க மேடம். பேச்சு போனா போவுது. எனக்கு ஆளு வேணும்."

"உனக்குக் கன்னடம் வராதே. நான் என்ன, செவுத்துக்கிட்டயா பேசுவேன்?"

"நான் கத்துக்கறேன்" என்றாள், வெடுக்கென்று. கோபத்தில் சொன்னது.

இதை சீஃப்புக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அந்த அளவு தமிழ் புரிந்தது. பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார். அடுத்த வாரம் வந்தார்கள். மேஷ்ட்ரு ஷேவ் செய்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள், ஒன்றுதான் தங்கும் என்றால் கன்னடம் தங்கட்டும் என்று கன்னடத்தில் சொன்னார். அதையே லூர்துவுக்காகத் தமிழில் இன்னொரு தடவை சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். வீட்டில் யார் யாரை எப்படிச் சம்மதிக்கவைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அறுவை நாளில் அவர் தெளிவாக விழித்தார். எழுந்ததும் என் பெயரையும் தன் பெயரையும் சரியாகச் சொல்லி, மூக்கு அரிக்கிறது என்றார். சொறிந்துவிட்டேன். அட்டைகளை ஆரம்பித்தோம். ஒவ்வொன்றுக்கும் 'இது' என்று தொடங்கிச் சொல்ல வேண்டும் என்பது விதி. 'இது' வந்து பெயர் மட்டும் வராவிட்டால், வாயும் நாக்கும் சரியாக இருக்கின்றன, சொல்தான் அகப்படவில்லை என்று தெரியும். எங்கள் அதிர்ஷ்டம், 'இது' இரண்டு மொழியிலும் இதுதான்.

இது கதவு. இது பூனை. இது சீப்பு. கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகப் போனது. பிறகு மொழி மாற்றி, இது பாகிலு, இது பெக்கு. சில இடங்களில் இரண்டு மொழியும் சேர்ந்தே தடைபட்டன. சீட்டு வைத்தார்கள். அவை கட்டிக்கு வெளியே இருந்தன. சீஃப் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கும் தைரியமாகத்தான் இருந்தது.

மறுபடி தமிழ். கதவைக் காட்டினேன்.

"இது" என்றார். நின்றுவிட்டது. என்னையே பார்த்தார். "இது... இது..." வாய் திறந்திருக்கிறது, கண் அட்டைக்கும் என் முகத்துக்குமாக ஓடுகிறது.

"நின்னது" என்றேன். அடுத்த அட்டைக்கு வார்த்தை வந்தது. இன்னும் சில அட்டைகள் கழித்து மறுபடி நின்றது. கன்னடத்துக்கு மாற்றச் சொன்னார் சீஃப். அதே இடத்தைத் தொட்டிருக்க வேண்டும். இது பாகிலு, இது குர்ச்சி, தடங்கலே இல்லை. திரும்பத் தமிழ். இது. இது. நின்றது.

திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது.

"தமிழ் மட்டும்தானா வசந்தா?" குரல் தாழ்ந்திருந்தது.

"தமிழ் மட்டும்தான் சார்."

சீஃப் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. கருவிகளை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்தபடி, திரையின் ஓரத்தில் குனிந்து மேஷ்ட்ருவின் முகத்தைப் பார்த்தார். "ஏனு மாடோணா மேஷ்ட்ரே?" என்றார். என்ன செய்வோம் என்று கேட்கிறார். முன்பே பேசி முடித்த விஷயம்தான். ஆனாலும் கேட்டார்.

மேஷ்ட்ருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எந்த மொழி நின்றது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் வாய்தானே. கண்ணோரத்தில் நீர் வழிந்து தலையணைக்குப் போனது. துடைத்துவிட்டேன். "லூர்துகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் தெரியவில்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கொஞ்சம் யோசித்தார். "நேத்தே எல்லாம் பேசிட்டோம் மேடம்" என்றார். நல்ல தெளிவான தமிழ். பிறகு கண்ணை மேலே தூக்கி, சீஃப்பைப் பார்த்து, "தெகெதுபிடி சார்" என்றார். எடுத்துவிடுங்கள்.

வெட்டிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அவரைக் கன்னடத்தில் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கன்னடம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க. வகுப்பைப் பற்றிப் பேசச் சொன்னேன். பேசினார். நடுவே ஒரு தடவை பழக்கத்தில் தமிழுக்குத் தாவப் போனவர், "மேடம், அந்த..." என்று ஆரம்பித்து நின்றார். பிறகு கன்னடத்தில் தொடர்ந்தார். முகமூடிக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். மூக்கு ஒழுகியது, துடைக்க வழியில்லை. ஒரு மனிதரின் தமிழ் போவதை அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

அறுவை நன்றாக நடந்தது என்று கோப்பில் இருக்கும். உண்மைதான். முதல் வாரம் எந்த மொழியும் இல்லை, வீக்கம். பிறகு கன்னடம் வந்தது, முதலில் ஒற்றைச் சொல், பிறகு வாக்கியம். சில மாதத்தில் பள்ளிக்குத் திரும்பினார். தமிழ் புரிந்தது, முழுதாகவே புரிந்தது. பேச மட்டும் வரவில்லை. ஆமாம், இல்ல, வா, போ. அதற்கு மேல் போனால் நாக்கு கன்னடத்துக்கு ஓடிவிடும். ஜெபமாலை மட்டும் தமிழில் கடகடவென்று வந்தது. லூர்து ஓடிவந்து சொன்னாள், தமிழ் திரும்பிவிட்டது என்று. மனப்பாடம் வேறு பாதையில் வருகிறது, பேச்சு வேறு பாதை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது என்னால் ஆகவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னேன். "அப்ப சாமிகிட்ட தமிழ்ல பேசறாரு, எங்கிட்ட கன்னடத்துல பேசறாரு" என்றாள்.

வாரம் இருமுறை அவரைச் சிகிச்சைக்குக் கூட்டிவருவாள். தமிழ்ச் சொற்களை மீட்க என்னவெல்லாமோ செய்தோம். 'நாற்காலி' என்ற சொல் வரும், மறுநாள் போய்விடும். ஒரு நாள் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள்.

"மேடம், வீட்ல ஜெனிதான் சொல்லுது. அப்பா இப்பிடிச் சொல்றாரு, அப்பா அப்பிடிச் சொல்றாருன்னு. புருஷன் பேசறத புள்ள வாயால கேக்கறது நல்லாவா இருக்கு? சிலது சொல்லும்போது அதுவே தலையக் குனிஞ்சிக்குது."

அவருக்குப் பயிற்சியை இன்னும் கூட்டிப் பார்க்கலாம் என்றேன்.

"அவருக்கு விட்டுருங்க. எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள். நோயாளிக்கான நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அட்டைகளை எடுத்தேன். இது பாகிலு, இது பெக்கு. என் பணிக்காலத்தில் மூளையில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு நான் செய்த சிகிச்சை அது ஒன்றுதான். மருத்துவமனை இதற்கு என்ன பெயர் போடும் என்று நான் கவலைப்படவில்லை. சீஃப்புக்குத் தெரியும். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சாத்திக்கொண்டு போனார்.

பாக்கியை மேஷ்ட்ரு வீட்டில் பார்த்துக்கொண்டார். முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாராம். உச்சரிப்பு சரியாக வரும்வரை காபியைத் தொட மாட்டாராம். அதனால் அவள் கன்னடம் தெருவில் பேசுகிற கன்னடம் இல்லை. பாடப்புத்தகத்துக் கன்னடம், ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் நிற்கும். ஒரு நாள் அவர் பள்ளியிலிருந்து தாமதமாக வந்தபோது, "யாகெ தடவாயிது? ஃபோன் மாடலாகலில்லவே?" என்று கத்திவிட்டாளாம், ஏன் இவ்வளவு நேரம், ஃபோன் செய்ய முடியவில்லையா என்று. அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அதைச் சொல்லும்போது லூர்துவும் சிரித்தாள். "அன்னிக்கிதான் மேடம் எனக்கு அவர் வீட்டுக்கு வந்தாரு" என்றாள்.

சில வருஷம் அப்படி இருந்தார்கள். அவள் தமிழில் பேசுவாள், அவர் கன்னடத்தில் பதில் சொல்வார். போகப்போக அவளும் அவரோடு கன்னடத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்கும்போது கன்னடம்தான். வாங்கிக்கொண்ட வருஷங்களுக்கு அவர்கள் கொடுத்தது வீணாகவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு கட்டி திரும்பியது. இந்தத் தடவை பரவலாக. சீஃப் படத்தைப் பார்த்துவிட்டு முட்டியை மடக்கவில்லை. மறுபடி திறப்பதில் பயனில்லை என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். கன்னடமும் மெல்லமெல்லப் போனது. முதலில் பெயர்கள், பிறகு வாக்கியங்கள். பள்ளியை விட்டார். நான் ஜீவனஹள்ளிக்குப் போய்ப் பார்த்தபோது அவர் லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் கன்னடத்தில் பேசிக்கொண்டே இருந்தாள், ஊரில் யாருக்கு என்ன, ஜெனி தேர்வு எப்படி எழுதினாள் என்று. அவர் புருவத்தை உயர்த்திக் கேட்டார். ஓரிடத்தில் அவள் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னாள். அவர் விரலால் அவள் கையில் தட்டினார். அவள் திருத்திச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். நான் அதிக நேரம் இருக்கவில்லை. இருக்க முடியவில்லை. அந்த மாதம் போய்விட்டார்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் லூர்துவை சிவாஜிநகர் மார்க்கெட்டில் பார்த்தேன். துணிப்பையோடு ஒரு காய்கறிக் கடையில் நின்றிருந்தாள். கடைக்காரர் கன்னடத்தில் என்னவோ கேட்டார். அவள் தமிழில் பதில் சொன்னாள். அவர் மறுபடி கன்னடத்தில் கேட்டார், அவள் விரலைக் காட்டி, தலையை ஆட்டி, கன்னடமே தெரியாதவளைப் போல வாங்கிக்கொண்டு திரும்பினாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெனி வேலைக்குப் போகிறாளாம். பஸ் ஸ்டாண்டுவரை சேர்ந்து நடந்தோம்.

"ஏம்மா, கன்னடத்த மறந்துட்டியா?" என்று கேட்டேன்.

"மறக்கல மேடம். மறந்தாத்தான் பரவால்லையே." பையைக் கை மாற்றிக்கொண்டாள். "யாரு கன்னடத்துல பேசினாலும் உள்ள அவரு பதில் சொல்றாரு. நான் வாயத் தொறந்தா அவரு நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் குடுத்த மாதிரியேதான் வருது. கடைக்காரங்கிட்டப் போய் அத எப்பிடிப் பேசறது?"

இந்த ஊரில் எங்கே போனாலும் கன்னடம். போர்டில், பஸ்ஸில், பக்கத்து இருக்கையில். அவளுக்கு ஒதுங்க இடமே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன்னால் திரும்பி, தன் இடது நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"டாக்டர் அவருக்குத் தமிழ எடுத்தாரில்ல மேடம். அதே மாதிரி எனக்கு இந்தக் கன்னடத்த எடுத்துற முடியுமா?"

விளையாட்டாகக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"முடியாதும்மா" என்றேன்.

"தெரியும் மேடம். சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.